தனுஷ்கோடிக்கு அம்மாவோடு

போன வருடம் ஒரு பயிற்சி முகாமில், சாப்பாட்டு இடைவேளையில், கல்லூரி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "அக்கா, நீங்க சும்மா எங்கயாவது போயிருக்கீங்களா?"

எனக்குக் கேள்வி முதலில் விளங்கவில்லை. சும்மா என்றால்?

"வேலை இல்லாம. பிரச்சினை எதுவும் இல்லாம. ஊர் பாக்க" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். தமிழ்நாட்டில் நான் போகாத மாவட்டங்கள் குறைவு. ஆனால் போன ஊரெல்லாம் யாரோ வெட்டுப்பட்ட ஊர், இல்லையென்றால் சுடுகாட்டுப் பாதையை மறித்த ஊர், பள்ளிக்கூடத்தில் பிள்ளையைத் தனியே உட்கார வைத்த ஊர். உண்மை அறியும் குழுவோடு போவேன். வாக்குமூலம் எழுதுவேன். இரவுப் பேருந்தில் திரும்புவேன். நாகப்பட்டினத்துக்கு நான்கு முறை போயிருக்கிறேன். ஒருமுறைகூடக் கடலைப் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணிடம் "இல்லம்மா" என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தக் கட்டுரை அதற்கான பதில். சும்மா ஒரு கடற்கரைக்குப் போய்வந்தேன். எப்படிப் போனேன், நீங்கள் போவதானால் எப்படிப் போகலாம் என்றும் சொல்கிறேன். வழியில் வந்த மற்றதையும் சொல்லாமல் இருக்க முடியாது.

போன இடம் தனுஷ்கோடி. பாம்பன் தீவின் தென்கிழக்கு நுனி. கூடப் போனது அம்மா.

அம்மாவைக் கேட்டபோது உடனே சம்மதிக்கவில்லை. "அந்தப் பக்கம் எதுக்குடி? நாங்க பாத்த கடல்தான்" என்றார். அம்மா பிறந்தது இலங்கையில், மலையகத் தேயிலைத் தோட்டத்து லயத்தில். 1974இல், பதினோரு வயதில், தலைமன்னாரிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவர். அதற்குப் பிறகு ஐம்பது வருடம் நீலகிரியில்தான் வாழ்க்கை. அங்கேயும் தேயிலைதான். இந்தக் கரையை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் மதுரைக்கு வரவழைத்தேன்.

இனி வழி. மதுரையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு ரயிலிலும் போகலாம், பேருந்திலும் போகலாம். மாட்டுத்தாவணியிலிருந்து பேருந்து உண்டு. எதில் போனாலும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். சென்னையிலிருந்து இரவு ரயில்கள் இருக்கின்றன. கையில் காசு குறைவாக உள்ள மாணவர்களுக்கு மதுரை வந்து பாசஞ்சர் ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் போவதுதான் மலிவு. நாங்கள் அப்படித்தான் போனோம். செப்டம்பர் முதல் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆடி அமாவாசை, தை அமாவாசை, தொடர் விடுமுறை நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அப்போது தீவு தாங்காது. அமைதியாக இருக்க வேண்டுமென்றால் வாரத்தின் நடுவில், அதிகாலையில் கரைக்குப் போய்விட வேண்டும்.

ரயில் மானாமதுரை தாண்டிப் பரமக்குடியில் நின்றது. இமானுவேல் சேகரன் 1957 செப்டம்பர் 11 அன்று கொல்லப்பட்ட ஊர். அதற்குச் சற்று முன்தான் முதுகுளத்தூர் வட்டாரத்தில் கலவரம் வெடித்திருந்தது. அமைதிப் பேச்சுவார்த்தைக்குப் போய், சமமாக உட்கார்ந்து, சமமாகப் பேசிய மறுநாள் அவரைக் கொன்றார்கள். 2011இல் அதே செப்டம்பர் 11 அன்று, நினைவிடத்துக்கு மக்கள் வந்துகொண்டிருந்த நாளில், அதே ஊரில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தி தலித்துகளைக் கொன்றது. இந்த ஊருக்கு நான் எத்தனையோ முறை வந்து இறங்கியிருக்கிறேன். அன்று இறங்கவில்லை. நினைவு நாளுக்குச் சில நாட்களே இருந்தன. ரயில் கிளம்பியபோது ஏதோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடுவதுபோல இருந்தது. அம்மா முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினார். "எறங்காம ஒக்காரு" என்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டிருக்கிறார்.

ராமநாதபுரம், உச்சிப்புளி, அப்புறம் மண்டபம். மண்டபம் முகாம் பகுதியை ரயில் கடக்கும்போது அம்மா சன்னலோரத்திலிருந்து எழுந்து என்னை அங்கே உட்காரச் சொன்னார். வெயில் படுகிறது என்றார். அந்தப் பக்கம் வெயிலே இல்லை.

நம் தலைமுறையில் பலர் மண்டபம் முகாம் என்றால் ஈழ அகதிகள் முகாம் என்று மட்டுமே அறிந்திருக்கிறோம். அதன் கதை அதைவிடப் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்கும், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம் எனப் பல ஜில்லாக்களிலிருந்து கூலிகளைக் கங்காணிகள் திரட்டிக்கொண்டு போனார்கள். போனவர்களில் பெரும் பகுதி நம் மக்கள். பஞ்சமும் பண்ணையடிமைத்தனமும் விரட்டிய மக்கள். ஆரம்ப காலத்தில் கடலைத் தாண்டி மன்னாரிலிருந்து மலைவரைக்கும் காட்டு வழியே நடந்து, வழியிலேயே காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் ஏராளம். பின்னாளில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களை இந்த மண்டபத்தில் நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கொடுத்து அனுப்பினார்கள். 1914இல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து தனுஷ்கோடிவரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுகரையில் மறுபடி ரயில் என்று ஆனது. போட் மெயில் என்று பெரியவர்கள் பெருமையாகச் சொல்லும் அந்தப் பாதையில் துரைமார்களும் வியாபாரிகளும் மட்டும் போகவில்லை. நம் பாட்டன் பூட்டிகளும் அதே பாதையில்தான் போனார்கள்.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் இறுதியில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ள வேண்டும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். சமூகவியல் முதுகலையில் இந்த எண்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருக்கிறேன். எழுதும்போது அந்த முதல் எண்ணுக்குள் அம்மா இருக்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. யாரும் அந்த மக்களிடம் எங்கே இருக்க விரும்புகிறாய் என்று கூட்டம் போட்டுக் கேட்கவில்லை. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அங்கே மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

மண்டபம் தாண்டியதும் பாலம். பழைய பாலத்தில் 2022 இறுதியில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இப்போது ரயில் போகிறது. பக்கத்திலேயே பழைய பாலம் தெரிந்தது. இன்னொரு புறம் 1988இல் திறந்த சாலைப் பாலம். பெட்டியில் இருந்த எல்லோரும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் இருந்த இடத்தில் இருந்தார். கீழே தண்ணீர் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ராமேஸ்வரத்தில் இறங்கி அறை தேடினோம். ஒரு தங்கும் விடுதி. பெயர் வேண்டாம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் ஆதாரை வாங்கிப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். சொன்னோம். பிறகு சாதாரணமாக, மழை வருமா என்று கேட்கும் குரலில், "நீங்க என்ன ஆளுங்க?" என்றார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நான் முகாம்களில் வகுப்பு எடுக்கிறவள். எதற்குக் கேட்கிறீர்கள், எழுதிக் கொடுங்கள் என்று ஆரம்பிக்க வாயெடுத்தேன். அதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "நாங்க சிலோன்காரங்கய்யா."

அவர் ஒரு நொடி யோசித்தார். அந்தப் பதிலை எந்தக் கட்டத்தில் போடுவது என்று தெரியாதவர்போல. பிறகு சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

அறைக்குள் வந்ததும் அம்மாவிடம் சண்டை போட்டேன். எதற்கு மறைக்க வேண்டும், நாம் என்ன திருடிவிட்டோமா, நான் ஊர் ஊராகப் போய்ப் பேசுவதற்கு என்ன மரியாதை என்றெல்லாம் கேட்டேன். அம்மா கால் கழுவிவிட்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தார். "எனக்குக் கால் வலிக்குது. ரூம் வேணும். நீ சண்டை போட வந்தியா, கடல் பாக்க வந்தியா?" என்றார். நான் அன்று இரவு அவரோடு சரியாகப் பேசவில்லை. அது என் தவறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் விடியும்முன் கிளம்பினோம். ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி ஏறக்குறைய 20 கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது. நான்கைந்து பேராகப் போனால் ஆட்டோ பேசிக்கொள்ளலாம். போக, காத்திருக்க, வர என்று மொத்தமாகப் பேசி ஏறுங்கள். முன்பெல்லாம் பாதி வழிக்கு மேல் மணலில் ஓடும் வேன்களில்தான் போக வேண்டும். 2017இல் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை போட்டுவிட்டார்கள். இரவு தங்க அனுமதி இல்லை, பொழுது சாயும்முன் திரும்பிவிட வேண்டும். நிழல் கிடையாது. தொப்பியோ குடையோ, தண்ணீரோ இல்லாமல் போகாதீர்கள்.

சாலையின் இரு புறமும் கடல். இடது பக்கம் அசைவே இல்லாமல் கிடக்கிறது. வலது பக்கம் இரைகிறது. அமைதியானதைப் பெண் கடல் என்றும், அலையடிப்பதை ஆண் கடல் என்றும் அங்கே சொல்கிறார்கள். எங்கள் ஆட்டோ ஓட்டிய தம்பி இதைச் சொன்னதும் அம்மா, "இங்கயுமா?" என்றார். நேற்றிலிருந்து முதன்முறையாக இருவரும் சிரித்தோம்.

பழைய ஊரில் இறங்கினோம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அழிந்த ஊர். பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயில் அலையில் அடித்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் பிழைக்கவில்லை. மேற்கூரை இல்லாத தேவாலயம், ரயில் நிலையத்தின் மிச்சம் எல்லாம் மணலுக்குள் நிற்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் இந்தத் துறைமுகம் போய்விட்டது. அதனால்தான் பின்னால் வந்தவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். கொண்டுபோன வாசல் இடிந்துவிட்டது, திருப்பி அனுப்பியபோது வேறு வாசல்.

சுற்றுலாக் கூட்டம் முழுக்க இடிபாடுகளிலும் அரிச்சல்முனையிலும்தான் நிற்கும். இரண்டுக்கும் இடையே உள்ள நீண்ட கரையில் விடிகாலையில் ஆள் இருக்காது. நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் இடம் அதுதான். சாலையோரக் கற்களைத் தாண்டி இறங்கினால் மணல், தண்ணீர், ஒதுங்கிய வலைத் துண்டுகள், தூரத்தில் ஒன்றிரண்டு படகு. வேறு சத்தம் இல்லை. பெண் கடல் பக்கம் கரையோரமாகக் கால் நனைக்கலாம். முனையிலும் ஆண் கடல் பக்கமும் இறங்கவே இறங்காதீர்கள். இரு கடலும் சேரும் இடத்தில் நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது, இழுத்துவிடும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நின்றார். அங்கிருந்து தலைமன்னார் சுமார் 30 கிலோமீட்டர். எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து, நான் கேட்காமலே பேசினார்.

"கப்பல்ல அம்மாயிக்கு ஒரே வாந்தி. நான்தான் தலையப் புடிச்சிக்கிட்டு நின்னேன். எறங்கினதும் மண்டபத்துல கொண்டு போட்டாங்க. அங்க பக்கத்துக் குடும்பத்துப் பொம்பள ஒன்னு, தண்ணிக் குழாய்கிட்ட நின்னுக்கிட்டு என்னையக் கேட்டுச்சு, நீங்க என்ன ஆளுங்கன்னு. எனக்குப் பதில் தெரியல."

"தோட்டத்துல சாதி இல்லையாம்மா?"

"ஏன் இல்ல? லயத்துல எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். எந்த லயம்னாலே தெரியும். அதனால யாரும் வாயத் தெறந்து கேக்க மாட்டாங்க. இங்கதான் வாயத் தெறந்து கேட்டாங்க. நான் ஓடிப்போயி அம்மாயிகிட்ட கேட்டேன். அம்மாயி சொன்னுச்சு, சிலோன்காரங்கன்னு சொல்லுன்னு. அப்ப இருந்து அதத்தான் சொல்றேன்."

நேற்று மேசையில் வந்த பதில் அம்மா யோசித்துச் சொன்னது இல்லை. பதினோரு வயதுப் பிள்ளைக்கு, வாந்தியெடுத்துத் துவண்டு கிடந்த ஒரு தாய், குழாயடியில் பிழைத்துக்கொள்ளக் கொடுத்த பதில். அது ஐம்பது வருடமாக அப்படியே கையில் இருக்கிறது. நான் அதைக் கோழைத்தனம் என்று நினைத்து ஒரு இரவு முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தேன்.

தோழர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். அடையாளத்தை உரக்கச் சொல்லும் துணிவு நமக்கு இருக்கிறது. அந்தத் துணிவு படிப்பிலிருந்தும் இயக்கத்திலிருந்தும் வந்தது. அந்தப் படிப்புக்குக் கொழுந்து பறித்துப் பணம் கட்டியவர்கள் மறைத்துப் பிழைத்தவர்கள். அவர்கள் மறைத்ததால்தான் நாம் சொல்ல முடிகிறது. அடுத்த முறை அந்த விடுதிக்காரர் கேட்டால் நான் பதில் கேள்வி கேட்பேன், எழுதியும் கொடுப்பேன். ஆனால் அம்மாவிடம் சண்டை போட மாட்டேன். கேட்டவனை விட்டுவிட்டு, பதில் சொன்னவரைக் குற்றவாளியாக்கினேன். களத்தில் பாதிக்கப்பட்டவர்களை ஏன் முன்பே புகார் கொடுக்கவில்லை என்று காவல் நிலையத்தில் கேட்பார்களே, அதற்கும் நான் செய்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வெயில் ஏறியதும் ஒரு மீனவர் குடிசைப் பக்கம் ஒதுங்கினோம். புயலுக்குப் பிறகு வாழத் தகுதியற்ற பகுதி என்று அரசு அறிவித்த இடத்தில் இன்றும் மீனவக் குடும்பங்கள் ஓலைக் குடிசைகளில் வாழ்கின்றன. கடலிலிருந்து சில அடி தள்ளி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. அந்த ஊற்றுத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். ஒரு அக்கா தூக்குவாளியில் மொண்டு, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். அம்மா வழக்கம்போல அண்ணாந்து குடித்தார். மற்றவர் வீட்டு டம்ளரில் அம்மா வாய் வைத்து நான் பார்த்ததே இல்லை. காற்றில் பாதித் தண்ணீர் முகத்திலும் புடவையிலும் கொட்டியது.

"வாய் வச்சுக் குடிங்கக்கா. இந்தக் காத்துல அண்ணாந்தா மூக்குலதான் போவும்" என்றார் அவர்.

அம்மா என்னைப் பார்த்தார். பிறகு வாய் வைத்துக் குடித்தார். இரண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

இதை வைத்துக் கடற்கரையில் சாதி இல்லை என்று நான் எழுத மாட்டேன். கடலோரத்திலும் சாதி உண்டு. முந்தின நாள்தான் அதே தீவில் மேசையில் பார்த்தோம். அந்த அக்கா காற்றைப் பற்றித்தான் பேசினார், எங்களைப் பற்றி இல்லை. அதுதான் நன்றாக இருந்தது. 1927 மார்ச் 20 அன்று மகாடில் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்ததை நான் நூறு மேடையில் பேசியிருக்கிறேன். தண்ணீர் குடிப்பது ஒரு சாதாரணக் காரியமாக ஆக வேண்டும் என்பதற்குத்தான் அந்தப் போராட்டம் என்பது, அம்மா இரண்டாவது டம்ளர் கேட்டபோதுதான் எனக்குச் சரியாகப் புரிந்தது.

போகிறவர்களுக்குக் கடைசியாகச் சில வார்த்தை. அங்கே வாழும் மக்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். நம் சேரிக்குள் கேமராவோடு வருகிறவர்களைப் பார்த்து நமக்கு என்ன தோன்றுமோ அதுதான் அவர்களுக்கும் தோன்றும். அவர்கள் கடையில் மீன் சாப்பிடுங்கள், பேரம் பேசாதீர்கள். பவளப்பாறைத் துண்டுகளை எடுக்கவோ வாங்கவோ வேண்டாம், அது சட்டப்படி குற்றம். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கூட்டிப் போங்கள். அவர்களைக் கேள்வி கேட்காதீர்கள். பக்கத்தில் நில்லுங்கள், போதும்.

திரும்பும்போது மண்டபத்தில் அம்மா சன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒரு தென்னந்தோப்பைக் காட்டி, "இந்தப் பக்கந்தான் எங்கயோ கொழாய் இருந்துச்சு" என்றார். அடுத்த விடுமுறைக்கு என் தங்கையையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று கேட்டார்.

எதற்கு என்றேன்.

"சும்மாதான்" என்றார்.